திரும்பி வராதவர்களின் பெயரை எழுதி வைப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் முடிச்சூர் பக்கத்துக் குழுச் சகோதரிகள் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதையும் வெளியிடுகிறோம்.)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று நாம் சேமிப்பு, கடன் திருப்பம், சுழல்நிதி, தையல் பயிற்சி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு எங்களை வேறு ஒரு விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போன கூட்டத்தில் பட்டா மாற்றம், வாரிசுச் சான்று பற்றிப் பேச்சு வந்தபோது மூன்று நான்கு சகோதரிகள் ஒரே மாதிரி சொன்னார்கள். "எங்க தாத்தா பேர்லதான் இன்னும் நிலம் இருக்கு. அவர் மலாயா போனவர். சண்டையில போனவர் போனவர்தான், திரும்பி வரல. எங்க செத்தார், எப்போ செத்தார்னு ஒரு காகிதமும் இல்ல." இதைக் கேட்டதும், "எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் உண்டு" என்று இன்னும் இரண்டு கை எழுந்தது.

எங்கள் குழுவில் அப்படி ஒரு குடும்பத்துக்காக நாங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் தேடினோம். நாங்கள் படித்த படிப்பு எட்டாவது, பத்தாவதுதான். படித்த பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொண்டு தேடினோம். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொன்னால் உபயோகப்படும் என்றுதான் வந்திருக்கிறோம்.

கடல் தாண்டிப் போனவர்கள்

முதலில், நம் ஆட்கள் ஏன் அங்கே போனார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவில், இப்போது மலேசியா என்கிறோமே அங்கே, ரப்பர் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்ட ஆள் வேண்டும். இங்கேயோ மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழியில்லை. கங்காணி ஊருக்கு வந்து, "வா, கப்பல் ஏறு, மூணு வருஷத்துல காசோட திரும்பலாம்" என்று அழைத்துப் போனான். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் இருந்துதான் அதிகம் பேர் போனார்கள். பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள், சேரியில் இருந்தவர்கள், கடன்பட்டவர்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் டிப்போ இருந்தது. அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, கப்பல் ஏற்றுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'ரஜூலா கப்பல்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கப்பல் பல வருஷம் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தது.

1938-ல் இந்திய அரசு இப்படிக் கூலியாட்களைச் சேர்த்து அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் அங்கே லயத்து வீடுகளில் குடியேறிவிட்டார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளையோடு போனார்கள். பலர் அவர்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மணியார்டரும் கடிதமும் வந்துகொண்டிருந்தன.

கடிதம் நின்ற நாள்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அன்றோடு தபாலும் மணியார்டரும் நின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய மலாயாக் கடிதம் இருந்தால் கடைசித் தேதியைப் பாருங்கள். அனேகமாக 1941-க்குள் இருக்கும்.

அடுத்து ஜப்பான்காரன் பர்மாவையும் பிடித்தான். அங்கே இருக்கிற தன் படைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப வேண்டும். கடல் வழியில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் இருந்தன. அதனால் சயாம் நாட்டில் இருந்து, இன்றைய தாய்லாந்தில் இருந்து, காட்டுக்குள்ளேயே பர்மாவுக்கு ரயில் பாதை போட முடிவு செய்தான். தாய்லாந்தின் பான்போங் அருகில் இருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். நம் தாம்பரத்தில் ரயில் ஏறினால் கிட்டத்தட்ட திண்டுக்கல் வரைக்கும் போகிற தூரம். மலையும் ஆறும் மூங்கில் காடும். இதை 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டான். இரண்டு பக்கத்தில் இருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளம் அந்த மாதம் 17-ஆம் தேதி காட்டுக்குள் ஒன்று சேர்ந்தது.

மிஷின் அதிகம் இல்லை. மண்வெட்டி, கூடை, சம்மட்டி, மனுஷன் கை. அவ்வளவுதான். வேலை செய்தவர்கள் இரண்டு வகை. சரணடைந்த இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஹாலந்து நாட்டுச் சிப்பாய்கள் 60,000 பேருக்கு மேல். அவர்கள் போர்க்கைதிகள். இன்னொரு வகை, கூலிகள் என்று கொண்டுபோன நம் தமிழர்கள், பர்மாக்காரர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள். இவர்கள் 1,80,000 பேருக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். மலாயாவில் இருந்து போனவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள்.

எப்படிக் கொண்டுபோனார்கள்? முதலில் ஆசை காட்டினார்கள். நாள் கூலி ஒரு வெள்ளி, சாப்பாடு, வீடு, மூன்று மாசத்தில் திரும்பலாம் என்றார்கள். தோட்டங்களில் வேலை நின்று அரிசி கிடைக்காத காலம். நம்பிப் போனவர்கள் உண்டு. போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் வரவில்லை. அப்புறம் லாரி வந்தது. ரோட்டில் போனவனை, லயத்தில் தூங்கினவனை, பிடித்து ஏற்றினார்கள். கூட்ஸ் வண்டியில் நின்றபடியே நாலைந்து நாள் பயணம். அங்கிருந்து காட்டுக்குள் நடை. குடும்பத்தோடு போன பெண்களும் குழந்தைகளும்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

1943 மழைக்காலத்தில் வேலையை அவசரப்படுத்தினார்கள். ராத்திரியிலும் தீப்பந்தம் பிடித்து மலையை உடைத்தார்கள். கூரையில்லாத மூங்கில் கொட்டகை, வெறும் சோறும் கருவாடும். அப்போது வாந்திபேதி வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்த கூலி முகாம்களில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மலேரியா, சீதபேதி, எலும்பு தெரியும் அளவுக்குக் காலில் புண். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கூலிகளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்கிறார்கள். இந்தப் பாதைக்கு மரண ரயில் என்று பேர் வந்தது சும்மா இல்லை.

ஒரே பாதை, இரண்டு கணக்கு

சகோதரிகளே, எங்களை மிகவும் யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த விஷயம்தான்.

சிப்பாய்களுக்குள் அதிகாரி இருந்தான், டாக்டர் இருந்தான், எழுதத் தெரிந்தவன் இருந்தான். யார் எந்தத் தேதியில் செத்தான், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாகக் குறித்து, ஜப்பான்காரன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். 1945-ல் சண்டை முடிந்தவுடன் அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு ஒரு குழு பாதை நெடுகப் போனது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அவர்களுடைய எலும்புகளைச் சேர்த்து மயானம் கட்டினார்கள். காஞ்சனபுரி ஊரில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறை. பெரும்பாலானவற்றில் பேர், வயசு, படைப் பிரிவு. எண்பது வருஷம் கழித்தும் பேத்தி ஒருத்தி இங்கிலாந்தில் இருந்து வந்து, தாத்தாவின் பேரைத் தொட்டுப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போகிறாள்.

நம் ஆட்களுக்கு எழுதிவைக்க யாரும் இல்லை.  பேர்ப்பட்டியல் தோட்டத்தில் இருந்திருந்தால் உண்டு, காட்டில் இல்லை. செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், சில இடத்தில் எரித்தார்கள். 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்பு நிலத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. யாருடைய எலும்பு என்று சொல்ல ஒரு சீட்டு இல்லை.

ஒரே பாதையில், ஒரே மழையில் செத்தவர்கள். ஒருத்தனுக்குக் கல்லில் பேர் இருக்கிறது, இன்னொருத்தனுக்கு வீட்டில்கூடப் பேர் மறந்துபோகிறது. நம் குழுவில் பத்து ரூபாய் அபராதத்தைக்கூடத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். எழுத்து இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலேசியாவில் சந்திரசேகரன் என்பவர் தலைமையில் ஒரு குழுவினர் பல வருஷமாக இந்தக் குடும்பங்களைத் தேடி, உயிரோடு இருந்த முதியவர்களின் வாயால் கேட்டுப் பதிவு செய்துவருகிறார்கள். அங்கே உள்ள தமிழ் எழுத்தாளர்கள் இதை நாவலாக எழுதியிருக்கிறார்கள். 2023-ல் காஞ்சனபுரியில் ஒரு புத்த கோயில் வளாகத்தில் தாய்லாந்துத் தமிழர்கள் இறந்த தமிழர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். தமிழ்நாடு அரசு அதற்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தக் கல்லில் தனித்தனியாகப் பேர் இல்லை. பேர் நம் வீடுகளில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் ஆயா

எங்கள் குழு உறுப்பினர் ஒருவருடைய ஆயாவின் கதையைச் சொல்கிறோம். குடும்பத்தாரின் அனுமதியோடு, பேர் சொல்லாமல் சொல்கிறோம்.

ஆயாவின் வீட்டுக்காரர் 1937-ல் மலாயா போனார். அப்போது ஆயாவுக்குப் பதினேழு வயசு, வயிற்றில் பிள்ளை. 1941 வரை வருஷத்துக்கு இரண்டு கடிதம், ஒரு மணியார்டர். அப்புறம் ஒன்றுமில்லை. சண்டை முடிந்தது. ஊருக்குச் சிலர் திரும்பினார்கள். அவர் வரவில்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆயா தாலியைக் கழற்றவில்லை. கொழுந்தனார்கள் ஆடி அமாவாசைக்குச் செத்தவர்களுக்குப் படைக்கும்போது அவர் பேரையும் சேர்க்கலாம் என்றார்கள். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பாக்காத பொணத்துக்கு நான் ஏன் படைக்கணும்?" என்றார்களாம். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? கல்யாண வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வரும். ஆயாவுக்குப் பக்கத்தில் வந்ததும் தட்டு ஒரு நிமிஷம் நிற்கும். கொடுப்பதா வேண்டாமா என்று தூக்கி வந்தவள் யோசிப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்தே ஆயா தட்டு வருவதற்கு முன்னால் எழுந்து சமையல் பக்கம் போய்விடுவார்கள். ஐம்பது வருஷம் அப்படியே போனது. 1989-ல் ஆயா தாலியோடுதான் கண்ணை மூடினார்கள்.

வீடு இன்னும் அந்தத் தாத்தா பேரில் இருக்கிறது. பட்டா மாற்றப் போன இடத்தில் இறப்புச் சான்று கேட்டார்கள். அங்கேதான் எங்கள் தேடல் ஆரம்பித்தது.

ஆயாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். ஏழு கடிதமும் ஒரு மணியார்டர் ரசீதும் இருந்தன. கடிதத்தில் ஊர்ப் பேர் அழிந்துபோயிருந்தது. ரசீதின் முத்திரையில் சுங்கை சிப்புட் என்று இருந்ததைப் பள்ளிக்கூடத்து டீச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்னார். அது பேராக் மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை ஈப்போவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரரோடு போய் விசாரித்தாள். தோட்டத்தில் ரப்பர் மரம் எல்லாம் போய் எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள். தொண்ணூறு வயசு முதியவர் ஒருவர் கோயில் பக்கத்தில் இருந்தார். சண்டைக் காலத்தில் அவர் சின்னப் பையன். "எங்க லயத்துல இருந்து பதினோரு பேரைச் சயாமுக்கு ஏத்தினாங்க. ரெண்டு பேர்தான் வந்தாங்க. வராதவங்கள்ல ஒருத்தர் மெட்ராஸ் பக்கத்து ஆள். ராத்திரியில உடுக்கை அடிச்சுப் பாடுவார்" என்றார்.

எங்கள் உறுப்பினர் போனிலேயே அழுதுவிட்டார். ஏனென்றால் மூன்றாவது கடிதத்தில் தாத்தா எழுதியிருக்கிறார், இங்கே ஒரு உடுக்கை வாங்கினேன், வேலை முடிந்தால் அதுதான் துணை என்று.

அந்த ஆள் இவர்தானா என்றால், எந்தக் கோர்ட்டும் இதை வைத்து ஒப்புக்கொள்ளாது. குடும்பம் ஒப்புக்கொண்டது. போன ஆடி அமாவாசைக்கு முதல் தடவையாகத் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் சேர்த்து ஒரே இலை போட்டார்கள். "ஆயா இருந்திருந்தா இதுக்குச் சம்மதிச்சிருப்பாங்களா?" என்று மகள் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

நாம் எங்கே, எப்படித் தேடலாம்

நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். பழைய பெட்டி, பரண், சாமி படத்தின் பின்பக்கம். கடிதம், மணியார்டர் ரசீது, போட்டோ, பாஸ்போர்ட், கப்பல் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடித உறையையும் வையுங்கள். தபால் முத்திரைதான் எங்களுக்கு வழி காட்டியது. செல்போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

2. வயசானவர்களை இப்போதே கேளுங்கள். எண்பது, தொண்ணூறு வயசுக்காரர்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்? "தெரியுமா, தெரியாதா" என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார்கள். "அவர் கூட ஊர்ல இருந்து யார் யார் போனாங்க? கங்காணி எந்த ஊர்? என்ன பாட்டு பாடுவார்? உடம்புல மச்சம், பச்சை உண்டா?" என்று கேட்டால் பேச்சு வரும். கூடப் போனவர் பேர் தெரிந்தால் அந்தக் குடும்பத்திலும் விசாரிக்கலாம்.

3. உங்கள் தாத்தா சிப்பாயா, தோட்டத்து ஆளா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் தேடும் இடம் வேறு. சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களும் ஏராளம். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். சிப்பாயாக இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பேர் இருக்க வாய்ப்பு அதிகம். இன்டர்நெட்டில் காசு இல்லாமல் தேடலாம். சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் உள்ள நினைவுச் சின்னத்தில் கல்லறை இல்லாதவர்கள் 24,000 பேருடைய பேரை வெட்டிவைத்திருக்கிறார்கள். அதில் இந்தியர்களும் உண்டு. பதிவில் பல இடத்தில் அப்பா பேர், ஊர், ஜில்லா, மனைவி பேர்கூட இருக்கும். தன் ஆயாவின் பேரை அப்படி ஒரு பதிவில் பார்ப்பது ஒரு பேத்திக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

4. பேரைத் தேடும்போது ஒரே மாதிரி எழுதித் தேடாதீர்கள். முனுசாமி என்ற பேரை இங்கிலீஷ்காரன் நாலைந்து விதமாக எழுதியிருப்பான். கடைசியில் 'சாமி'யா 'சுவாமி'யா, நடுவில் 'னு'வா 'னி'யா என்று எல்லாம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். காலேஜ் படிக்கிற பிள்ளைகளை இதற்கு உட்கார வையுங்கள்.

5. பட்டாளத்துக் காகிதம், பென்ஷன் புத்தகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடம் வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூரில். படை எண் தெரிந்தால் அங்கே எழுதிக் கேட்கலாம்.

6. தோட்டத்து ஆளாக இருந்தால் தோட்டத்தின் பேரும் பக்கத்து ஊரும்தான் சாவி. மலேசியாவில் உள்ள சொந்தக்காரர்கள், அங்கே இருக்கிற ஆய்வுக் குழு, சிங்கப்பூர் ஆவணக்காப்பகத்தில் உள்ள வாய்மொழிப் பதிவுகள், காஞ்சனபுரியில் 2003-ல் திறந்த ரயில் பாதை ஆய்வு மையம், இவை எல்லாம் உதவும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் குடியேற்றக் கோப்புகள் இருக்கின்றன. பேர் நேரடியாகக் கிடைப்பது அபூர்வம். ஆராய்ச்சி மாணவர் யாராவது துணைக்கு இருந்தால் நல்லது.

நந்தம்பாக்கத்தில் உள்ள போர் மயானத்துக்கு எங்கள் குழுவில் பத்து பேர் பஸ் மாறிப் போய்ப் பார்த்தோம். மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம், உள்ளே போனதில்லை. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். புல்லை ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுப் பிள்ளையோ, நம் ஊரில் வந்து செத்தவன். அவன் வயசு இருபது, இருபத்தொன்று என்று கல்லில் படித்தபோது எங்களுக்கு மனசு கனத்தது. செத்தவனுக்கு இப்படி மரியாதை செய்வது நல்ல காரியம். இதே மரியாதை நம் கூலிக்காரனுக்கும் ஆகும் என்று பேசிக்கொண்டே திரும்பினோம்.

காகிதமும் காசும்

பட்டா விஷயத்துக்கு வருகிறோம். ஒருவரைப் பற்றி ஏழு வருஷமாகத் தகவலே இல்லை, இருந்தால் தெரியவேண்டியவர்களுக்கே தெரியவில்லை என்றால் அவர் இறந்தவராகக் கருதலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தானாக நடக்காது. சிவில் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அந்த உத்தரவை வைத்துத்தான் இறப்புச் சான்று, அப்புறம் வாரிசுச் சான்று, அப்புறம் பட்டா. வக்கீலுக்குக் காசில்லை என்று பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீங்கள் தேடிச் சேர்த்த கடிதம், ரசீது, பெரியவர்கள் சொன்னதை எழுதிய தாள் எல்லாம் அந்த மனுவுக்குப் பலம். எங்கள் உறுப்பினரின் மனு இப்போது கோர்ட்டில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "ஜப்பான் நஷ்ட ஈடு வருது, ஃபாரம் நிரப்ப இரண்டாயிரம் கொடு" என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஆதார் நகல், கையெழுத்து எதுவும் கொடுக்காதீர்கள். கூட்டமைப்பில் வந்து சொல்லுங்கள்.

இன்றைக்கும் போகிறார்கள்

"இது பழைய கதை, நமக்கு எதுக்கு" என்று சில இளம் சகோதரிகள் நினைக்கலாம். 2022-ல் என்ன நடந்தது? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகளை எல்லை தாண்டி பர்மாவின் மியாவாடி பக்கத்துக்குக் கடத்தினார்கள். அடைத்து வைத்து, அடித்து, போனில் ஏமாற்றும் வேலை வாங்கினார்கள். அரசு தலையிட்டுச் சிலரை மீட்டுக் கொண்டுவந்தது. அன்றைக்குக் கங்காணி, இன்றைக்கு ஏஜெண்ட். அதே சயாம், அதே பர்மா எல்லை.

நம் பிள்ளையோ வீட்டுக்காரரோ வெளிநாடு போனால் ஐந்து விஷயம் வீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், விசா நகல், கம்பெனியின் பேரும் விலாசமும், ஏஜெண்டின் பேரும் அரசுப் பதிவு எண்ணும், கூடப் போகிறவர் ஒருவரின் வீட்டு விலாசம். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அனுப்பவே வேண்டாம். ஏதாவது ஆபத்து என்றால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு உடனே மனுக் கொடுக்கலாம். அந்த மனுவில் எழுத இந்த ஐந்தும் வேண்டும்.

எங்கள் வேண்டுகோள்

சகோதரிகளே, இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் தங்கள் தெருவில் உள்ள வயசான பெண்களிடம் பேசி, கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர்கள் யார் என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் போதும். பேர், அப்பா பேர், மனைவி பேர், ஊர், போன வருஷம், போன இடம், கடைசிக் கடிதத்தின் தேதி, அடையாளம், சொன்னவர் பேர். தீர்மானப் புத்தகம் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதுங்கள். சொன்ன பெரியம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். கைநாட்டு என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாக் குழுக்களின் பக்கத்தையும் சேர்த்து ஒரே நோட்டாக நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைப்போம். மலேசியாவில் தேடுகிறவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புவோம். அங்கே ஒரு குடும்பம் இங்கே உள்ள சொந்தத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டி வாழ்ந்தவர்களும் உண்டு, அதுவும் தெரியவரலாம். தெரிந்தால் மனசு நோகும் என்று சில சகோதரிகள் போன கூட்டத்திலேயே சொன்னார்கள். உண்மைதான். எழுதுவதா வேண்டாமா என்பதை அந்தந்த வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டாயப்படுத்தாதீர்கள்.

எங்கள் குழு நோட்டில் இதுவரை நான்கு பேர் எழுதியிருக்கிறோம். முதல் பக்கத்தில் தாத்தா பேருக்குக் கீழே ஆயா பேரையும் எழுதினோம். காத்திருந்தவர்களின் பேரும் பதிவாகட்டும் என்று எங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. உங்கள் குழுக்களும் அப்படியே எழுதுங்கள்.